ரெய்னார்ட் நரியின் கதைகளைப் படித்து முடிக்க: எங்கே தொடங்கி, எந்த வரிசையில்?

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வேலைக்கானது. ஐரோப்பாவின் நரிக்கதைகளை, குறிப்பாக ரெய்னார்ட் என்ற நரியைச் சுற்றி எழுந்த நெடுங்கதைகளை, பாதியில் கைவிடாமல் படித்து முடிப்பதற்கு. எங்கள் சின்ன வாசிப்புக் குழுவில் இதை மூன்று முறை செய்திருக்கிறோம். முதல் முறை, பழையதிலிருந்து புதியதற்கு என்று காலவரிசைப்படி போனோம். லத்தீன் காவியத்தின் இரண்டாம் பாகத்தைத் தாண்டுவதற்குள் பாதிப் பேர் வராமல் நின்றுவிட்டார்கள். கீழே இருக்கும் வரிசை அந்தத் தோல்விக்கு அப்புறம் வந்தது.

1. எந்த நரி என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

தமிழில் நரி என்றால் நம் மனதில் வருவது பெரும்பாலும் கூட்டமாக ஊளையிடும் நரி. பஞ்சதந்திரத்தின் கரடகனும் தமனகனும் அந்த இனம்தான். சிங்கத்தின் மிச்சத்தைத் தின்று, அதன் அவையிலேயே மந்திரியாக இருந்து, காதோடு காதாகப் பேசிக் காரியம் சாதிப்பவர்கள்.

ஐரோப்பியக் கதைகளில் வருவது செந்நரி. தனியாக வேட்டையாடும், மண்ணில் வளை தோண்டும், இரவில் கோழிக்கூண்டுக்குள் புகும். ரெய்னார்டின் கோட்டைக்குப் பிரெஞ்சில் மோபெர்த்துயி என்று பெயர். 'பொல்லாத பொந்து' என்று சொல்லலாம். வளைதான் கதையில் கோட்டையாகிவிட்டது.

இந்த வித்தியாசத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் நரி அரண்மனைக்குள் இருந்துகொண்டு வேலை பார்க்கும். அந்த நரியை அரண்மனைக்கு வரவழைப்பதே பெரும்பாடு. அது தெரியாமல் படித்தால், பக்கம் பக்கமாக ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்களே என்று சலிப்பு வரும்.

இன்னொன்று. பழைய பிரெஞ்சில் நரிக்குப் பொதுச்சொல் கூப்பில். ரெனார் என்பது கதையில் வரும் ஒரு நரியின் பெயர் மட்டும். கதை பரவிய வேகத்தில் பெயரே சொல்லாகிவிட்டது, இன்றைய பிரெஞ்சில் நரி என்றாலே ரெனார்தான். பழைய பாடல்களின் மொழிபெயர்ப்பில் கூப்பில் என்று வந்தால் வேறு விலங்கு என்று தேடாதீர்கள்.

2. கையில் என்னென்ன வேண்டும்

வழக்குக் கதையின், அதாவது நரியை அரசவைக்கு வரவழைத்து விசாரிக்கும் கதையின், முழுப் பிரதி ஒன்று. மூன்றில் எதுவானாலும் சரி: 13ஆம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் (இன்றைய பெல்ஜியப் பகுதியின் டச்சு) பாடல், அச்சகர் காக்ஸ்டன் 1481இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சிட்ட ஆங்கில உரைநடை, ஜெர்மன் கவிஞர் கோதே 1794இல் வெளியிட்ட பன்னிரண்டு காண்டப் பாடல். என் சிபாரிசு ஃபிளெமிஷ் பாடல். சுமார் 3,470 வரிதான். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2009இல் மூலமும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் பதிப்பை வெளியிட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஈசாப் கதைத்தொகுப்பு ஏதாவது ஒன்று. வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் புத்தகம் போதும்.

அப்புறம் ஒரு நோட்டு. பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: ஏமாந்தவர் யார், நரி காட்டிய இரை என்ன, அவருக்கு ஏற்கெனவே இருந்த ஆசை என்ன, கடைசியில் எதை இழந்தார். மூன்றாவது பத்தியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அந்தப் பத்திக்காகத்தான் நோட்டே.

3. ஈசாப்பிலிருந்து நான்கே நான்கு

ஈசாப்பை முழுக்கப் படிக்கக் கிளம்பாதீர்கள். காக்கையும் நரியும், திராட்சையும் நரியும், சிங்கத்தின் குகை முன்னால் நின்று 'உள்ளே போன கால்தடம் இருக்கிறது, வெளியே வந்த தடத்தைக் காணோமே' என்று கேட்கும் நரி, நோயாளிச் சிங்கமும் ஓநாயும் நரியும். இந்த நான்கு போதும்.

கடைசிக் கதைதான் விதை. சிங்கம் படுத்த படுக்கை. எல்லா மிருகமும் நலம் விசாரிக்க வந்துவிட்டது, நரி மட்டும் வரவில்லை. ஓநாய் சமயம் பார்த்துக் கோள்மூட்டுகிறது. பேச்சின் கடைசி வார்த்தை காதில் விழும்போது நரி உள்ளே நுழைகிறது. "எல்லோரும் சும்மா வந்து பார்த்தார்கள், நான் ஊர் ஊராக மருந்து தேடிப் போயிருந்தேன். உயிரோடு உரித்த ஓநாய்த் தோலைச் சூடு ஆறுவதற்குள் போர்த்திக்கொள்ள வேண்டும்." பின்னால் வரும் ஆயிரக்கணக்கான வரிகளில் இருக்கும் அரசன், அவை, வராத நரி, பகையாளி ஓநாய் எல்லாம் இந்தச் சின்னக் கதையிலேயே வந்தாயிற்று.

காக்கை கதையை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். நமக்குப் பாட்டி சுட்ட வடை. ஈசாப்பில் இறைச்சி, ரோமானியக் கவிஞர் ஃபீட்ரஸ் சொல்லும்போது பாலாடைக்கட்டி. மூன்றிலும் தின்பண்டம் விழுந்ததும் கதை முடிந்துவிடும். பிரெஞ்சுப் பாடலில் முடியாது. கட்டி காலடியில் விழுந்தும் ரெனார் தொடுவதில்லை. "எனக்குக் காலில் அடி, இந்த நாற்றம் புண்ணுக்கு ஆகாது, இறங்கிவந்து எடுத்துக்கொண்டு போயேன்" என்று முனகுகிறான். காக்கை டியெஸ்லென் இறங்குகிறது. பாய்ச்சல். வாயில் மிஞ்சியது நாலு இறகு. கட்டி போதாது, காக்கையும் வேண்டும். ஈசாப்பின் நரிக்கும் ரெனாருக்கும் உள்ள தூரம் இந்த இடத்தில் தெரிந்துவிடும்.

இந்தப் படியிலேயே ஒரு வழக்கமான தவறு: ஒவ்வொரு கதையின் கீழும் நீதி எழுதி வைப்பது. இப்போது எழுதிப் பழகினால், ஐந்தாம் படியில் எழுத எதுவும் கிடைக்காமல் திணறுவீர்கள்.

4. பெயர்களை இரண்டு அட்டையில் எழுதுங்கள்

ஒரே மிருகத்துக்கு மொழிக்கு மொழி பெயர் லேசாக மாறும். ரெனார், ரெய்னார்ட், ரெய்னெக்கே எல்லாம் ஒரே ஆள். ஓநாய் இசங்க்ரின் அல்லது இசென்கிரிம், அவன் மனைவி எர்சன். சிங்கராஜா நோபிள், கரடி புரூன், பூனை திபெர். வளைக்கரடி கிரிம்பெர் நரிக்கு உறவுக்காரன், இதை மறக்கக் கூடாது. சேவல் சாந்தக்ளேர், முயல் குவார், செம்மறிக்கடா பெலின். நரியின் மனைவி எர்மெலின்.

முதல் அட்டையில் நரிப்பக்கம், இரண்டாவதில் எதிர்ப்பக்கம். நரிப்பக்கத்து அட்டை எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதை எழுதும்போதே கவனிப்பீர்கள்.

5. வழக்கைப் படியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்

காலத்தால் இது முதலில் வந்ததல்ல. ஆனாலும் முதலில் இதைப் படிக்கச் சொல்வேன். ஏனென்றால் பழைய சில்லறைக் குற்றங்கள் எல்லாம் இங்கே பிராதுகளாகத் திரும்ப வருகின்றன. பிராதுகளைக் கேட்டுவிட்டுப் பின்னால் போய் நடந்ததைப் பார்த்தால் சுவை கூடும். கோர்ட்டில் ஒருவர் சொன்னதும் நிஜத்தில் நடந்ததும் எவ்வளவு பொருந்துகிறது என்று நீங்களே சரிபார்க்கலாம்.

பெந்தெகோஸ்தே பண்டிகை. நோபிள் அரசன் அவை கூட்டுகிறான். நரி மட்டும் வரவில்லை. ஓநாய் எழுந்து, என் மனைவியைக் கெடுத்தான், என் குட்டிகளின் கண்ணைக் கெடுத்தான் என்கிறான். அடுத்து கூர்த்துவா என்ற குட்டிநாய், பிரெஞ்சு பேசிக்கொண்டு, பனிக்காலத்தில் தன்னிடம் இருந்த ஒரே ஒரு தொத்திறைச்சியை நரி திருடிவிட்டதாக அழுகிறது. உடனே பூனை குதித்து வந்து, "அது என்னுடையது, நான்தான் ஆலைக்காரன் வீட்டிலிருந்து தூக்கிவந்தேன்" என்கிறது. திருட்டுப் பொருளுக்குத் திருட்டுப் பிராது. இந்த இடத்தில் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கிரிம்பெர் உறவுக்காரனுக்காக வாதாடுகிறான். நரி இப்போது துறவி, இறைச்சி தொடுவதில்லை, மேலெல்லாம் தவசிகள் உடுத்தும் முரட்டு மயிராடை. சொல்லி வாய் மூடவில்லை, சேவல் குடும்பம் ஊர்வலமாக வருகிறது. பாடையில் கொப்பே என்ற கோழி, தலை இல்லாமல். இந்தக் காட்சியை அவசரமாகத் தாண்டாதீர்கள். கவிஞர் நேரத்தை எப்படி வைக்கிறார் என்பதை இங்கே கற்றுக்கொண்டால், மீதிப் பாடல் தானாகத் திறந்துகொள்ளும்.

அப்புறம் மூன்று சம்மன். புதிதாகப் படிப்பவர்கள் இதை ஒரே விஷயத்தின் மூன்று நகல் என்று நினைத்து இரண்டாவதைத் தள்ளிவிடுகிறார்கள். மூன்று முறை அழைத்த பிறகுதான் வராதவன் மேல் நடவடிக்கை என்பது அந்தக் காலத்து நீதிமன்ற முறை. பாடல் அந்தச் சட்ட நடையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

முதலில் கரடி. நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏழைக்கு வாய்த்த சாப்பாடு, தேனைத் தின்று தின்று வயிறு உப்பிவிட்டது என்கிறது. தேன் என்ற சொல் காதில் விழுந்ததும் சம்மன் மறந்துபோகிறது. லாம்ஃபிராய்ட் என்ற தச்சன் முற்றத்தில் பாதி பிளந்து ஆப்பு வைத்த ஓக் கட்டை ஒன்று கிடக்கிறது. கரடி தலையையும் முன்னங்கால்களையும் நுழைக்கிறது. நரி ஆப்பை உருவுகிறது. ஊரே கம்போடு வருகிறது. காதும் முகத்தோலும் போய் ரத்தத்தோடு ஆற்றங்கரையில் கிடக்கும் கரடியிடம் நரி கேட்கிறது, சிவப்புக் குல்லா போட்டிருக்கிறீர்களே, எந்த மடத்தில் சேர்ந்தீர்கள் என்று. இந்தக் கேலி நமக்குச் சட்டென்று ஏறாது. ஒவ்வொரு துறவி மடத்துக்கும் ஒவ்வொரு உடை என்பதை நினைவில் வைத்தால் ஏறும்.

பூனைக்கு எலி. பாதிரியார் களஞ்சியத்துச் சுவரில் ஓட்டை, ஓட்டையில் கண்ணி. மூன்றாவது கிரிம்பெர். உறவுக்காரன் என்பதால் நரி கூடவே கிளம்புகிறது, வழியில் பாவமன்னிப்பும் கேட்கிறது. கன்னியர் மடத்துக் கோழிகள் கண்ணில் பட்டதும் கழுத்து அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது, ஒரு சேவலின் மேல் பாய்ந்து இறகு பறக்கிறது. கிரிம்பெர் திட்ட, ஜெபத்தில் இறங்குகிறது. நோட்டின் நாலு பத்தியில் நரியையே நிரப்ப வேண்டிய ஒரே இடம் இதுதான்.

தூக்குத் தண்டனை. கரடியும் ஓநாயும் பூனையும் தூக்குமரம் தயார் செய்யப் போன நேரத்தில், நரி கடைசியாக ஒன்று சொல்ல அனுமதி கேட்கிறது. புதையல். எர்மன்ரிக் மன்னனின் புதையல், ஹுல்ஸ்டெர்லோ பக்கம் கிரீக்கெபுட்டே என்ற ஊற்றருகில். அதை வைத்துக் கரடியை ராஜாவாக்கச் சதி நடந்ததாம். கதை நம்பும்படி இருக்கட்டும் என்று செத்துப்போன தன் அப்பாவையும், தனக்காக வாதாடிய கிரிம்பெரையும் சதிகாரர்களாகச் சேர்த்துவிடுகிறது.

இப்போது நோட்டைப் பாருங்கள். கரடிக்குத் தேன், பூனைக்கு எலி, அரசனுக்குத் தங்கம். சம்மன் வாங்கிப் போனவர்கள் எப்படி ஏமாந்தார்களோ, சம்மன் அனுப்பியவரும் அப்படியே. இரை மட்டும் பெரிது. இந்தப் பாடலை நரியின் தந்திரம் பற்றியது என்று படித்தவர்கள் இங்கே 'இவ்வளவு சுலபமாகவா ராஜா நம்புவார்' என்று குறைப்படுவார்கள். மூன்றாவது பத்தியை நிரப்பி வந்தவர்களுக்கு அந்தக் குறை வருவதில்லை.

மீதியைச் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை. கரடியின் முதுகுத்தோலில் யாத்திரைப் பை, ஓநாய்த் தம்பதியின் காலில் உரித்த செருப்பு, அந்தப் பைக்குள் ஒரு தலை. அதுவரைக்கும் போதும்.

6. உங்கள் பிரதி எப்படி முடிகிறது என்று பாருங்கள்

ஃபிளெமிஷ் பாடலில் நரி குடும்பத்தோடு காட்டுக்குத் தப்பிப்போகிறது, அவை உடைந்துபோய் நிற்கிறது. பிற்காலத்தில் ஒருவர் இரண்டாம் பாதியைச் சேர்த்தார். அதில் நரி திரும்ப அவைக்கு வந்து, உடம்பைச் சிரைத்து எண்ணெய் தடவிக்கொண்டு ஓநாயோடு துவந்த யுத்தம் செய்து, ஜெயித்து, பெரிய பதவியும் வாங்கிவிடுகிறது. காக்ஸ்டன், 1498இல் லூபெக்கில் அச்சான கீழ்ஜெர்மன் பாடல், கோதே எல்லோரும் இந்த நீண்ட வகை.

குழுவாகப் படிக்கும்போது இதை முன்கூட்டியே சரிபார்க்காவிட்டால், ஒருவர் நரி ஓடிவிட்டது என்பார், இன்னொருவர் மந்திரியாகிவிட்டது என்பார். எங்கள் குழுவில் ஒரு சாயங்காலம் முழுக்க இந்தச் சண்டையில் போனது.

படம் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஃபிளெமிஷ் பாடலின் அதே தலைப்பில் 1937இல் நாஜி ஆதரவாளர் ஒருவர் எழுதிய யூத வெறுப்புக் கதையும், அதைத் தழுவி 1943இல் எடுத்த கார்ட்டூன் படமும் உண்டு. காண்டாமிருகம் வந்தால் அதுதான்.

7. பின்னோக்கிப் பிரெஞ்சுக் கிளைகளுக்கு

பிரெஞ்சு ரெனார் கதை ஒரு நூல் அல்ல. பலர் எழுதிய துண்டுகள், அவற்றுக்குக் கிளைகள் என்று பெயர். எர்னெஸ்ட் மார்த்தன் 1882 முதல் 1887 வரை பதிப்பித்தபோது போட்ட எண்தான் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. இங்கேதான் பெரிய பொறி. முதல் கிளை என்று எண் போட்டது வழக்குக் கதை. ஆனால் எல்லாவற்றுக்கும் பழையது, 1170களில் பியேர் த சேன்க்ளூ எழுதியது, இரண்டாம் கிளையும் ஐந்து-அ கிளையும். எண்ணை நம்பி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பவர்கள் குழம்பிப்போகிறார்கள்.

என் வரிசை: இரண்டு, மூன்று, நான்கு, அப்புறம் ஒன்று-ஆ. இரண்டில் சேவல், காக்கை, பூனை. சேவலைக் கண்ணை மூடிப் பாட வைத்து நரி கவ்வுகிறது. சேவலோ நரியைத் துரத்துபவர்களைத் திட்டச் சொல்லி வாயைத் திறக்க வைத்துப் பறந்துவிடுகிறது. இதே கதையை ஆங்கிலக் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்தாண்டார், அவருடைய நரிக்குப் பெயர் ரஸ்ஸல்.

மூன்றில் மீன். நரி வண்டிப்பாதையில் செத்தது போலக் கிடக்கிறது. வண்டிக்காரர்கள் தோலுக்கு ஆசைப்பட்டு மேலே வீச, மீனைத் தின்று, விலாங்குகளைக் கழுத்தில் மாலையாகச் சுற்றிக்கொண்டு குதிக்கிறது. பிறகு ஓநாய்க்கு வெந்நீர் ஊற்றி மொட்டை போட்டுத் துறவியாக்கி, உறைந்த குளத்தில் வாலில் வாளி கட்டி உட்கார வைக்கிறது. நான்கில் கிணறு. இரண்டு வாளி, ஒரு கயிறு. அடியில் மாட்டிய நரி, இது சொர்க்கம் என்கிறது. ஓநாய் மேல்வாளியில் ஏறி இறங்க, நரி ஏறுகிறது. நடுவழியில் இருவரும் சந்திக்கிறார்கள். "ஒருவர் போனால் ஒருவர் வருவது வழக்கம்தானே" என்கிறான் ரெனார்.

ஒன்று-ஆ கிளையை நம் ஆட்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ரெனார் சாயத்தொட்டியில் விழுந்து மஞ்சளாகிறான். பஞ்சதந்திரத்தின் நீல நரி நினைவுக்கு வரும். நம் நரி நிறம் மாறியதும் ராஜாவாக உட்கார்ந்துவிடுகிறது, ஊளையிட்டதும் மாட்டிக்கொள்கிறது. ரெனாரோ கொச்சைப் பிரெஞ்சு பேசும் வெளியூர்ப் பாடகனாக வேஷம் போடுகிறான். குரலையும் சேர்த்து மாற்றிக்கொள்கிறான், அதனால் மாட்டுவதில்லை. இரண்டையும் ஒரே நாளில் படித்துப் பாருங்கள்.

இரண்டாம் கிளையிலும் ஐந்து-அ கிளையிலுமாக எர்சன் மேல் நடக்கும் வன்முறையும் அதன் மீதான விசாரணையும் வருகின்றன. வேடிக்கையாக எழுதப்பட்டிருப்பதால் இன்னும் கசக்கும். தெரிந்துகொண்டு படியுங்கள், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் வரிசையில் சேர்க்காதீர்கள்.

8. லத்தீன் காவியம் கடைசியில்

1148 வாக்கில், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் கென்ட் நகரில் எழுதப்பட்ட இசென்கிரிமஸ் 6,574 வரி, ஏழு பாகம். நாயகன் ஓநாய். நரியின் பெயர் முதல்முறையாக ரெய்னார்டஸ் என்று வருவது இதில்தான் என்பதால் எல்லோரும் இதில் ஆரம்பிக்கத் துடிக்கிறார்கள். வேண்டாம். ஒவ்வொரு அடி விழும்போதும் பக்கக்கணக்கில் பேச்சு, பேச்சுக்குள் மடங்களைப் பற்றிய குத்தல். கிளைகளைப் படித்துவிட்டு வந்தால், எந்தக் காட்சி எங்கே போனது என்று தேடும் சுகமாவது இருக்கும். முழுக்க வேண்டாம் என்றால் உறைந்த குளத்தையும், ஓநாயைப் பன்றிகள் தின்னும் முடிவையும் மட்டும் படியுங்கள்.

9. நாட்டார் கதைகளைச் சேர்த்துப் பார்க்க

நாட்டார் கதைகளை வகை பிரித்து ஆய்வாளர்கள் போட்ட ஆர்னே–தாம்ப்சன்–ஊத்தர் எண்கள் உண்டு. மீன் திருட்டு 1, வால் தூண்டில் 2, கிணற்று வாளி 32, நோயாளிச் சிங்கம் 50, காக்கை 57, சேவலின் மூடிய கண் 61. எண்ணை வைத்துத் தேடினால் தலைப்பு மாறியிருந்தாலும் கதை சிக்கும். நார்வேயில் வாலை இழப்பது கரடி, அதனால்தான் கரடிக்கு வால் கட்டை என்று முடியும். 1855 முதல் 1863 வரை அஃபனாசியெவ் வெளியிட்ட ரஷ்யத் தொகுப்பில் மீன் திருட்டும் வால் தூண்டிலும் ஒன்றாக வரும். கடைசியில் தலையில் மாவைப் பூசிக்கொண்டு, மூளை வழிகிறது என்று அழும் நரியை, செம்மையாக அடிவாங்கிய ஓநாய் முதுகில் சுமந்து போகிறது. நரி மெல்லப் பாடுகிறது: அடிபட்டது அடிபடாததைச் சுமக்குது.

ரஷ்ய நரி பெண். தமிழில் எடுத்துச் சொல்லப் போகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. நம் வினைமுற்றில் அவன், அவள், அது தெரிந்தே ஆக வேண்டும். ஈசாப்புக்கு 'அது' போதும். பிரெஞ்சு ரெனார் பிரபு, கோட்டை வைத்திருப்பவன், அவனுக்கு 'அவன்'. ரஷ்யக் கதைக்கு 'அவள்'. வழக்குக் கதையில் நான் அவையில் எழுந்து பேசுபவர்களுக்கு 'அவன்' என்றும், பாய்ந்து கடிக்கும்போது 'அது' என்றும் மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். கேட்பவர்கள் இதுவரை குறை சொன்னதில்லை, ஆனால் எழுதும்போது கண்ணை உறுத்தும். எழுதுவதானால் முதல் வரியிலேயே ஒன்றைத் தேர்ந்து அதோடு நில்லுங்கள்.